ஒரு மில்லிவாட் கடல் தாண்டுமா?

2024 ஏப்ரல் 21, காலை

வாசகர் ஒருவர் அனுப்பியதை அப்படியே ஒட்டுகிறேன்:

"8 கிலோஹெர்ட்ஸில் ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவாக அனுப்பி 6000 கி.மீ. தாண்டிப் பிடித்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். என் வீட்டு டார்ச்சே 3 வாட். நானும் ஹாம் லைசென்ஸ் எடுத்தவன்தான். 20 மீட்டர் பட்டையில் 100 வாட் போட்டும் சில நாள் மலேசியா வரை போவதில்லை. இது கதை என்றே நினைக்கிறேன்."

கதை இல்லை. 2014இல் அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து ஒரு அமெச்சூர் (பொழுதுபோக்காக ரேடியோ அனுப்புபவர், ஹாம் என்றும் சொல்வார்கள்) 8.97 கிலோஹெர்ட்ஸில் அனுப்பிய ரேடியோ அலை இங்கிலாந்தில் பிடிபட்டது. நடுவே அட்லாண்டிக் முழுதும் கிடக்கிறது. எப்படி என்பதை இன்று இரவு எழுதுகிறேன்.

2024 ஏப்ரல் 21, இரவு

20 மீட்டர் பட்டை (ஹாம்கள் வழக்கமாகப் பேசும் சிற்றலைப் பட்டை) அனுபவத்தை முதலில் ஓரமாக வையுங்கள். அங்கே அயனி மண்டலம் இன்று திறக்கும், நாளை மூடும். நாம் பேசும் விஎல்எஃப்பில், அதாவது மிகத் தாழ்ந்த அலைவரிசைகளில், அந்தக் கதவே கிடையாது. அமெச்சூர்கள் இப்போது புழங்கும் 8270 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 36 கி.மீ. தரை ஒரு சுவர். பகலில் 70 கி.மீ., இரவில் 85, 90 கி.மீ. உயரத்தில் நிற்கும் டி அடுக்கு, அயனி மண்டலத்தின் அடிப்பகுதி, இன்னொரு சுவர். இடையில் ஒன்றிரண்டு அலைதான் கொள்ளும். ஓடையில் விட்ட தண்ணீர் போல அலை அதற்குள்ளேயே ஓடும். ஆயிரம் கி.மீ.க்குச் சில டெசிபல்தான் இழப்பு.

ஆக, போகிற வழி நன்றாகவே இருக்கிறது. கஷ்டம் இரண்டு முனையிலும்: ஆன்டெனாவை விட்டு வெளியே போகவே மாட்டேன் என்கிறது சக்தி, போய்ச் சேர்ந்த இடத்தில் மின்னலின் இரைச்சல். உலகில் எந்நேரமும் நொடிக்கு 40, 50 மின்னல் வெட்டிக்கொண்டே இருக்கிறது. அவை கொட்டும் சக்தியில் பெரும் பங்கு 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை. நாம் கேட்க நினைப்பதும் அங்கேயேதான்.

2024 ஏப்ரல் 23

"சக்தி ஏன் வெளியே போகாது" என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

மொட்டை மாடியில் 15 மீட்டர் கம்பம், மேலே குறுக்கே கம்பிகள். பயனுள்ள உயரம் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 36 கி.மீ. அலைக்கு முன் 10 மீட்டர் எம்மாத்திரம்? கதிர்வீச்சு மின்தடை, அதாவது அலையாக வெளியே போகும் சக்திக்கான மின்தடை, 0.00012 ஓம். அதில் 0.2 ஆம்பியர் ஓட்டினால் வானத்துக்குப் போவது 5 மைக்ரோவாட்.

அந்த 0.2 ஆம்பியரை ஓட்டுவதற்குள் படும் பாடு இருக்கிறதே! அப்படிப்பட்ட ஆன்டெனாவின் கெப்பாசிட்டன்ஸ் ஏறக்குறைய 300 பிகோஃபாரட். 8270 ஹெர்ட்ஸில் அது 64,000 ஓம். அதை ஈடுகட்ட 1.2 ஹென்றி காயில் வேண்டும். ஒரு வாளியின் மேல் ஆயிரக்கணக்கான சுற்று என்று கற்பனை செய்யுங்கள். ஆன்டெனா முனையில் 13,000 வோல்ட் நிற்கும். காயில் கம்பியிலும் மண்ணிலும் போகும் இழப்பைச் சேர்த்து மொத்தம் 1000 ஓம் என்றால் ஆம்ப்ளிஃபையர் 40 வாட் தர வேண்டும். 40 வாட் உள்ளே, 5 மைக்ரோவாட் வெளியே: 80 லட்சத்தில் ஒரு பங்கு.

அந்த ஆம்ப்ளிஃபையர் என்ன தெரியுமா? நம் கோயில் கொடைக்கு வருமே மைக் செட், அதே இனம். 8270 ஹெர்ட்ஸ் நம் காது கேட்கும் எல்லைக்குள் இருக்கும் எண் அல்லவா? ஆடியோ ஆம்ப்ளிஃபையரே டிரான்ஸ்மிட்டர் ஆகிவிடுகிறது. கூம்பு ஸ்பீக்கருக்குப் பதில் மேட்சிங் டிரான்ஸ்பார்மர், காயில், கம்பி.

வீட்டு ஆன்டெனாக்களில் ஒன்று முதல் நூறு மைக்ரோவாட் வரை வெளியே போகும். ஐரோப்பாவில் சிலர் பட்டத்திலும் பலூனிலும் நூற்றுக்கணக்கான மீட்டர் கம்பியை ஏற்றி 10 மில்லிவாட் வரை எட்டியிருக்கிறார்கள்.

2024 ஏப்ரல் 23, சற்று நேரம் கழித்து

பட்டம் என்றதும் ஒருவர் ஆடிக் காற்றுக்குத் தயாராகிவிட்டார். வேண்டவே வேண்டாம். கம்பி கட்டிய பட்டம் இபி லைனில் விழுந்தால் பிடித்திருப்பவர் உயிர் போகும். லைனே இல்லாத வெளியிலும், மழை மேகம் தெரியாத நாளிலும், நீண்ட கம்பி காற்றின் மின்னூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு அறையும். அதோடு, இந்த அலைவரிசையில் அனுப்ப நம் ஊரில் முறையான அனுமதி வேண்டும். நான் 14 வருடமாகக் கேட்பவன், அவ்வளவுதான். அனுப்பியதில்லை. கேட்பதிலேயே ஒரு ஆயுளுக்கு வேலை இருக்கிறது.

2024 ஏப்ரல் 24

முதல் கேள்விக்கு உண்மையான பதில் இன்றுதான் வருகிறது. 5 மைக்ரோவாட்டை மின்னல் கூச்சலுக்குள்ளிருந்து எடுப்பது எப்படி?

நேரத்தைக் கொடுத்து எடுக்கிறோம்.

அனுப்புபவர் ஒரு சின்னச் செய்தியை, சில எழுத்துகளை, மணிக்கணக்கில் அனுப்புகிறார். சில சமயம் நாள்கணக்கில். கேட்பவர் அத்தனையையும் பதிவு செய்து கூட்டுகிறார். சிக்னல் ஒரே சீராக வருவதால் கூடிக்கொண்டே போகும். இரைச்சல் அங்கும் இங்கும் அலைவதால் தனக்குள்ளேயே அடித்துக்கொண்டு மெதுவாகத்தான் கூடும். ஒரு மணி நேரம் கூட்டினால் உங்கள் ஜன்னலின், அதாவது நீங்கள் கேட்கும் அலைவரிசைத் துண்டின், அகலம் 0.28 மில்லிஹெர்ட்ஸ். மோர்ஸ் கேட்க நாம் வைக்கும் 500 ஹெர்ட்ஸ் ஃபில்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதற்கு ஒரே நிபந்தனை தாளம். இரண்டு பேர் வெவ்வேறு கண்டத்தில் உட்கார்ந்து ஒரே தாளம் போடுகிறார்கள். ஒரு அலைக்கு ஒரு தாள அடி என்றால் ஒரு மணி நேரத்தில் 3 கோடி அடி. கடைசி அடியில் கால் அடிகூட விலகியிருக்கக் கூடாது. சாதாரணக் கிறிஸ்டல் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே மணிக்கு 30 அடி தப்பிவிடும். பதிவு செய்யும் கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டில் இருப்பது அதைவிட மோசம். அதனால் இரு முனையிலும் ஜிபிஎஸ் கடிகாரமோ ருபீடியம் அணுக் கடிகாரமோ வேண்டும்.

கேட்கும் பக்கத்தில் இதற்கு அதிகச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஸ்டீரியோ உள்ளீட்டின் ஒரு சேனலில் ஆன்டெனா, மறு சேனலில் ஜிபிஎஸ் மாட்யூலின் நொடித் துடிப்பு. சவுண்ட் கார்டு எப்படி ஓடினாலும், நொடித் துடிப்பை வைத்துப் பின்னால் சாப்ட்வேரில் சரிசெய்துகொள்ளலாம். இந்த முறையை முதலில் செய்து பார்த்த அன்று நான் தூங்கவில்லை. ஐநூறு ரூபாய்க்குள் வாங்கிய மாட்யூல் அது!

இப்படிக் கூட்டுவதற்கென்றே எப்நாட் என்ற முறை இருக்கிறது. அலையின் கட்டத்தை (ஃபேஸ்) மட்டும் தலைகீழாகப் புரட்டிப் புரட்டி அனுப்பி, பிழை திருத்தும் குறியீட்டை அதன் மேல் அடர்த்தியாக ஏற்றுவார்கள்.

2024 மே 3

8270 என்ற எண் ஏன் என்று கேட்டவருக்கு. முன்பு 8970 அருகில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 9 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே யாருக்கும் ஒதுக்காத இடம், 'கனவுப் பட்டை' என்றே பெயர். 2012இல் நடந்த உலக வானொலி மாநாடு 8.3 முதல் 11.3 கிலோஹெர்ட்ஸ் வரை மின்னல் கண்காணிப்புக்கு ஒதுக்கியது. அதன் பிறகு அமெச்சூர்கள் மெல்ல மெல்ல 8.3க்குக் கீழே இறங்கிவிட்டார்கள். இப்போது புழங்கும் எண்கள் 8270, 6470, 5170, 2970.

இந்த எண்களை ஒரு நாள் தாளில் எழுதி வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கும் 50இன் மடங்கிலிருந்து சரியாக 20 தள்ளி நிற்கின்றன. 8250 + 20, 6450 + 20, 5150 + 20, 2950 + 20. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் மடங்குகளிலிருந்தும் குறைந்தது 10 தள்ளி. மின்கம்பியின் 'உம்ம்ம்' சத்தத்தின் மடங்குகள் 8 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் சீப்புப் பல் போல வரிசையாக ஏறி நிற்கும். பற்களுக்கு நடுவில் உட்கார இடம் இதுதான். ஆகவே 8270இல் கரண்ட் தொல்லை இல்லை.

2024 மே 4

நேற்று எழுதிய கடைசி வரி தவறு.

நம் மின் கிரிட் 50 ஹெர்ட்ஸிலேயே நிற்பதில்லையே! 0.1 ஹெர்ட்ஸ் ஏறினால் 165ஆவது மடங்கு 16.5 ஹெர்ட்ஸ் நகரும். இன்னும் கொஞ்சம் ஏறினால் பல் நேராக நம் ஜன்னலுக்குள் வந்துவிடும். காலை எழுந்ததும் இது உறைத்தது. பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். கோடுகள் புழு போல நெளிகின்றன.

2024 மே 4, மாலை

முழுத் தவறும் இல்லை. பேனாவை எடுத்து மறுபடி போட்டேன். கிரிட் இருக்க வேண்டிய வரம்பு 49.90 முதல் 50.05 வரை. மேல் எல்லையில் 165ஆவது பல் 8258 வரை வரும். கீழ் எல்லையில் 166ஆவது பல் 8283 வரை இறங்கும். இரண்டும் 8270ஐத் தொடவில்லை, நடுவில் 25 ஹெர்ட்ஸ் சந்து கிடைக்கிறது. 50.12க்கு மேலோ 49.82க்குக் கீழோ போனால்தான் மேலே ஏறும். 2013 டிசம்பர் 31 அன்று தென் மாநிலங்களின் கிரிட்டை தேசிய கிரிட்டோடு இணைத்த பிறகு அலைச்சல் குறைந்தது. அதற்கு முந்தைய என் பதிவுகளில் நெளிவு மிக அதிகம். காலையில் பார்த்துப் பதறியது அந்தப் பதிவுகள்தான்.

2024 மே 5

"அப்படியானால் கரண்ட் கட்டில் என்ன கேட்கும்?" என்று கேள்வி. இதற்குத்தான் காத்திருந்தேன்.

2012. எங்கள் கோவில்பட்டிப் பக்கம் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. ஊரே புழுங்கிக்கொண்டு திண்ணையில் கிடக்கும். நான் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்பையும் (மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) ஹெட்ஃபோனையும் எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே கரிசல் காட்டுக்குப் போய்விடுவேன். வெட்டவெளி, மரமே இல்லை. அதற்கு முன் வீட்டில் கேட்டதெல்லாம் வண்டு ரீங்காரம் மாதிரி ஒரே 'உம்ம்ம்'. அன்று ராத்திரி அது இல்லை. மின்னலின் படபடப்பு எண்ணெயில் கடுகு வெடிப்பது போல. அதன் நடுவே 'டியூவ்', 'டியூவ்' என்று கம்பியைச் சுண்டின ஓசை. ட்வீக் என்பார்கள். தொலைதூர மின்னலின் துடிப்பு, தரைக்கும் அயனி மண்டலத்துக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான கி.மீ. ஓடி வரும்போது தாழ்ந்த பகுதி பின்தங்கிவிடுவதால் வரும் ஓசை. 1700 ஹெர்ட்ஸ் அருகே வால் முடியும். அந்த வால் முடியும் எண்ணால் 1,50,000ஐ வகுத்தால் மேல் சுவரின் உயரம் கி.மீ. கணக்கில் வந்துவிடும். 1750 என்றால் 86 கி.மீ. கரிசல் காட்டில் உட்கார்ந்து வானத்தை அளந்தது மாதிரி இருந்தது. வீட்டில் யாரிடம் சொல்வது? ராத்திரி ஒரு மணி.

இப்போது கரண்ட் போனாலும் அந்த அமைதி இல்லை. வீட்டுக்கு வீடு யூபிஎஸ், சோலார் இன்வெர்ட்டர், எல்இடி பல்பு. இரண்டு தெரு தள்ளி எங்கோ ஒரு இன்வெர்ட்டர், என் பதிவில் 9 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே சுவர் எழுப்பியது போல ஒரு பட்டை போடுகிறது.

விசில் கேட்டதா என்று சேர்த்துக் கேட்டிருக்கிறார். விஸ்லர், அதாவது மின்னலின் அலை விசில் போல இழுத்துக் கேட்கும் ஓசை, நம் பக்கம் அரிது. காந்த நடுக்கோடு நம் தென்முனையை ஒட்டிப் போகிறது. தும்பாவில் ராக்கெட் தளம் வைத்ததற்கே அதுதான் காரணம். நடுக்கோட்டில் காந்த விசைக்கோடுகள் தட்டையாகக் கிடப்பதால், அவற்றைப் பிடித்துக்கொண்டு வானேறி மறு அரைக்கோளத்தில் இறங்கும் அந்த அலைக்கு வழியில்லை. குல்மார்க், நைனிடால், வாரணாசியில் பதிவு செய்திருக்கிறார்கள்.

2024 மே 11

நேற்று மதியம் 12:24க்குச் சூரியனில் எக்ஸ் வகை (மிகப் பெரிய வகை) வெடிப்பு ஒன்று உச்சம் தொட்டது. என் லூப் ஆன்டெனா (சட்டத்தில் சுற்றிய கம்பி) அப்போது ஆஸ்திரேலியாவின் 19.8 கிலோஹெர்ட்ஸைப் பதிவு செய்துகொண்டிருந்தது. வடமேற்கு முனையில் எக்ஸ்மவுத் பக்கத்தில் இருக்கும் கடற்படை நிலையம், நடுக் கோபுரம் 387 மீட்டர், இங்கிருந்து 5000 கி.மீ.க்கு மேல். நாள் முழுக்கச் சமமாகப் போகும் கோடு, நண்பகல் தாண்டியதும் விறுவிறு என்று எழும்பி, பிறகு நேரம் எடுத்துக்கொண்டு சரிந்து இறங்கியது. எக்ஸ்ரே வந்து டி அடுக்கை அடர்த்தியாக்கி, கீழே அழுத்தியதன் படம் அது. நேற்று இரவு லடாக்கில் துருவ ஒளி தெரிந்ததை எல்லோரும் பகிர்கிறார்கள். என் பங்குக்கு இந்தக் கோடு.

2024 மே 27

"உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே விஜயநாராயணம் இருக்கிறதே, அதைப் பற்றிப் பேசவில்லையே?"

அது எனக்கு வரமும் சாபமும். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் ஐஎன்எஸ் கட்டபொம்மன், 1990 அக்டோபரில் தொடங்கிய கடற்படை நிலையம். 18.2 கிலோஹெர்ட்ஸில் நீர்மூழ்கிகளுக்கு அனுப்புகிறது. கடல்நீரில் இந்த அலை இரண்டு மீட்டருக்குள்ளாகவே மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். அதற்கும் தாக்குப்பிடிக்கத்தான் அவ்வளவு சக்தி. செய்தி சங்கேதத்தில் போகும், அது நமக்கு வேண்டாம். அயனி மண்டலத்தின் மாற்றத்தைப் பார்க்க அலையின் பலம் மட்டும் போதும். 2009 ஜூலை 22 சூரிய கிரகணத்தின்போது கொல்கத்தா ஆய்வாளர்கள் நாட்டின் பல இடங்களில் ரிசீவர் வைத்து இதே 18.2ஐத்தான் அளந்தார்கள்.

சாபம் என்றது, எனக்கு அது 90 கி.மீ.கூட இல்லை, பக்கத்து அலைவரிசைகளை அமுக்கிவிடும். அப்படி அமுங்கிய ஒன்றின் கதை இது. ஸ்வீடனில் கிரிமேட்டன் என்று ஒரு நிலையம். 1925இல் திறந்தது, 127 மீட்டரில் ஆறு கோபுரம். அங்கே டிரான்ஸ்மிட்டர் என்பது வால்வும் இல்லை, டிரான்சிஸ்டரும் இல்லை. சுழலும் இயந்திரம், அலெக்சாண்டர்சன் ஆல்டர்னேட்டர். எஃகுச் சக்கரம் சுற்றுவதால் நேரடியாக 17.2 கிலோஹெர்ட்ஸ் பிறக்கிறது. 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். பெரும்பாலும் ஜூலை 2ஐ ஒட்டிய ஞாயிறும், டிசம்பர் 24 காலையும் இயக்குவார்கள். டிசம்பரில் அது நம் நேரம் மதியம் ஒன்றரை.

முதல் வருடம் அதைக் கேட்க லூப்பைக் கட்டி உட்கார்ந்தேன். பிவிசி குழாய்ச் சட்டம், ஒரு மீட்டர் சதுரம், 40 சுற்று. திரை முழுக்க 18.2 மட்டுமே. என் ப்ரீஆம்ப் மூச்சுத் திணறி, இல்லாத கோடுகளையெல்லாம் தானே உற்பத்தி செய்தது. 7700 கி.மீ. தள்ளியிருந்து வரும் சத்தம் அதற்குள் எங்கே?

அடுத்த டிசம்பரில் புத்தி வந்தது. லூப்பின் தட்டைக்குச் செங்குத்தான திசையில் அதற்குக் காது கிடையாது. விஜயநாராயணம் எனக்குக் கிட்டத்தட்ட நேர் தெற்கு. சட்டத்தைக் கிழக்கு மேற்காகத் திருப்பி, 18.2 மங்கும் வரை விரல் விரலாக நகர்த்தினேன். ஸ்வீடன் வடமேற்கில். அந்தத் திசையில் மூன்றில் ஒரு பங்குதான் இழப்பு. 1:30க்கு மேல் திரையில் 17.2இல் மயிரிழை போல ஒரு கோடு, விட்டு விட்டு. மோர்ஸ். துண்டுகளின் நீளத்தையும் இடைவெளியையும் வைத்து எஸ், ஏ, க்யூ என்று எழுத்துக் கூட்டினேன், அது கிரிமேட்டனின் அழைப்புக் குறி. நூறு வருடத்துக்கு முந்தைய இயந்திரம் ஒன்று சுற்றுவதை என் மாடியில் உட்கார்ந்து பார்த்தேன். சாப்பிடக் கூப்பிட்ட குரல் காதில் விழவில்லை.

2024 ஜூன் 16

காற்று சீசன். கயத்தாறு பக்கம் காற்றாலைகள் முழு மூச்சில் சுற்றுகின்றன, என் மின்புல ஆன்டெனாவும் கம்பத்தோடு ஆடுகிறது. வானிலையில் நல்ல நாளிலும் தரையருகே மீட்டருக்கு நூறு வோல்ட் அளவில் மின்புலம் உண்டு. அதில் கம்பம் அசைந்தால் அந்த அசைவே சிக்னலாகப் பதிவாகிறது. லூப் தேவலை, அதற்கும் கட்டுக்கம்பி போட வேண்டும். செப்டம்பர் வரை சும்மா இருப்பேன்.

2024 அக்டோபர் 16

நேற்று தெலங்கானாவின் விகாராபாத் மாவட்டம் தாமகுண்டத்தில் கடற்படையின் இரண்டாவது விஎல்எஃப் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். காட்டை அழிக்க வேண்டியிருக்கும் என்று அங்கே எதிர்ப்பும் இருக்கிறது. மூசி ஆறு பிறக்கும் பகுதி. ரேடியோவை நேசிப்பவன் என்பதற்காக அந்த மக்களின் பேச்சைத் தள்ள எனக்கு மனமில்லை.

2024 அக்டோபர் 20

8270இல் இங்கே எதுவும் கிடைத்ததா என்று கேட்கிறார், ஏப்ரலில் முதல் கேள்வி கேட்ட அதே வாசகர். இல்லை. போன குளிர்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து அனுப்பிய இரவுகளில் மொத்தம் 31 மணி நேரம் கூட்டிப் பார்த்தேன். பெரிய மின்னல் துடிப்புகளை வெட்டி எறிந்துவிட்டுக் கூட்டினேன். சமதரைதான். வெப்ப மண்டலத்தில் மின்னல் இரைச்சல் கூடுதல், இடையில் என் வீட்டு யூபிஎஸ் வேறு. இந்த டிசம்பரில் அதைப் பிடுங்கி வைத்துவிட்டு மறுபடி.

2024 நவம்பர் 10

அந்த வாசகர் காரைக்குடியிலிருந்து ஒரு பதிவு அனுப்பியிருக்கிறார். லூப் கட்டியேவிட்டார்! இரவு 8 முதல் 10 வரை. "ஒரே இரைச்சல், 8:41க்கு மழையில் கரண்ட் வேறு போய்விட்டது, அந்தப் பகுதியை வெட்டிவிடவா?" என்று கேட்கிறார்.

கேட்டேன். 8:41 வரை 'உம்ம்ம்'. அப்புறம் கதவைச் சாத்தினது போல நின்றுவிடுகிறது. பதினோரு நிமிடம். பக்கத்து மழையின் மின்னல் முரடாக வெடிக்கிறது, அதற்கு அடியில் மெல்லியதாக 'டியூவ்', 'டியூவ்'. எண்ணினேன், முதல் நிமிடத்தில் மட்டும் 23. ஒன்றின் வால் 1720இல் முடிகிறது. அன்று இரவு உங்கள் தலைக்கு மேல் 87 கி.மீ.

வெட்டாதீர்கள். அந்தப் பதினோரு நிமிடத்தைத் தனியாக எடுத்து, ஹெட்ஃபோன் போட்டு, விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.